ஒரு புலி போதும்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் தமிழ்நாட்டில் ஒரு பருவம் தொடங்குகிறது. பஞ்சாங்கத்தில் அதற்குப் பெயர் கிடையாது. பஸ்ஸின் நெற்றியில் ஒரு துணியைக் கட்டி, அதில் பள்ளிக்கூடத்தின் பெயரையும் 'கல்விச் சுற்றுலா' என்ற இரண்டு சொற்களையும் எழுதி, நடுராத்திரியில் பிள்ளைகளை எழுப்பி ஏற்றிக்கொண்டு, விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சென்னையை நோக்கிப் புறப்படுகிற பருவம் அது. இந்தப் பஸ்களில் பல விடிந்ததும் வந்து நிற்கிற இடம் வண்டலூர், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா.

சுற்றுலா என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு அவர்களோடு வழக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் ஊர் சுற்றட்டும், பாட்டுப் பாடட்டும், ஜன்னலோரத்துக்குச் சண்டை போடட்டும், வீட்டுக்குத் திரும்பி அம்மாவின் மடியில் விழுந்து தூங்கட்டும். சந்தோஷத்துக்குக் கணக்குக் கேட்கிற மனிதன் அல்ல நான். ஆனால் அந்தத் துணியில் 'கல்வி' என்று ஒரு சொல்லும் இருக்கிறதே, அதற்குக் கணக்குக் கேட்கலாம் அல்லவா? அந்தச் சொல்லைக் காட்டித்தான் பெற்றோரிடம் பணம் வாங்குகிறார்கள். அந்தச் சொல்லைக் காட்டித்தான் மேலதிகாரியிடம் அனுமதி பெறுகிறார்கள். நம்முடைய பள்ளிக்கூடங்கள் மிருகக்காட்சி சாலைக்குப் போய் வருகிற விதத்தில் கல்வி இல்லை. அதோடு போகவில்லை, கல்விக்கு நேர் விரோதமான காரியம் ஒன்று அங்கே நடக்கிறது என்பது என் கட்சி. கண்ணால் கண்டதை நம்பாதே என்று ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்புகிறோம். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லுகிறேன்.

முதலில் அந்த ஒரு நாளின் திட்டத்தைப் பாருங்கள். காலையில் வண்டலூர், மத்தியானம் கிண்டி சிறுவர் பூங்கா, அப்புறம் கோளரங்கம், சாயங்காலம் மெரினாக் கடற்கரை. தைரியசாலியான தலைமையாசிரியராக இருந்தால் நடுவில் மாமல்லபுரத்தையும் செருகிவிடுவார். ஆக, வண்டலூருக்குக் கிடைப்பது மிஞ்சிப் போனால் மூன்று மணி நேரம். அந்தப் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1,500 ஏக்கர். உள்ளே இருப்பவை நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இனங்கள். மூன்று மணி என்பது 180 நிமிஷம். நடக்கிற நேரத்தையும், வரிசையில் நிற்கிற நேரத்தையும், தண்ணீர் குடிக்கிற நேரத்தையும், காணாமல்போன ஒரு பையனைத் தேடுகிற நேரத்தையும் கழிக்காமல் விட்டால்கூட ஓர் இனத்துக்கு ஒன்றேகால் நிமிஷம் கிடைக்காது. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவள்கூட ஒரு கூடைக்கு இதைவிட அதிக நேரம் தருகிறாள்.

ஒரு வேலை நாளில் நான் புலி இருக்கும் இடத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அகழிக்கு அப்பால், மர நிழலில், புலி பக்கவாட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணியில் நாலு பள்ளிக்கூடங்கள் என்னைக் கடந்து போயின. நாலும் வேறு வேறு சீருடை. நடந்தது மட்டும் ஒன்றே. முன்னால் ஒரு விஸில் சத்தம் வரும். பிறகு பிள்ளைகள் வருவார்கள். "புலி! புலி!" என்று கம்பியை நோக்கி ஓடுவார்கள். அரை நிமிஷம் கழித்து, "தூங்குதுடா" என்று ஏமாற்றத்தோடு ஒருவன் சொல்லுவான். "டேய், எழுந்திருடா!" என்று இன்னொருவன் கத்துவான். இருபது பேர் கூடக் கத்துவார்கள். உபாத்தியாயர் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "பார்த்தாச்சா? நட, நட" என்பார். விஸில். அடுத்தது சிங்கம்.

மூன்றாவதாக வந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் நின்று கேட்டான்: "ஏன் சார் பகல்ல தூங்குது?"

"உன்னை மாதிரி சோம்பேறி. அதான் தூங்குது" என்றார் உபாத்தியாயர். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி இருந்தாள். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈ வந்து உட்காரும்போதெல்லாம், எங்கேயாவது சத்தம் எழும்போதெல்லாம், புலியின் காது அந்தத் திசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். "மிஸ், காது மட்டும் தூங்கல மிஸ்!" என்றாள்.

"வாடி, பஸ் போயிடும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் ஆசிரியை.

இந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். 'ஏன் பகலில் தூங்குகிறது?' என்பது கேள்வி. 'காது மட்டும் தூங்கவில்லை' என்பது கண்டுபிடிப்பு. உலகத்தில் விஞ்ஞானம் என்று ஒன்று உண்டானது இந்த இரண்டினால்தான். நடுராத்திரியில் புறப்பட்டு, நூற்றைம்பது கிலோமீட்டர் வந்து, ஒரு கேள்வியும் ஒரு கண்டுபிடிப்பும் பிறந்திருக்கின்றன. அன்றைய தினத்தின் முழுச் செலவும் அந்த இடத்தில் வசூலாகியிருக்க வேண்டும். ஒன்றைக் கேலி பண்ணிக் கொன்றார்கள். மற்றொன்றைக் கையைப் பிடித்து இழுத்துக் கொன்றார்கள்.

அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றும் பெரிய ரகசியம் அல்ல. புலி பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியலிலும் நடமாடுகிற பிராணி. காட்டில் அது பல தடவை பாய்ந்தால் ஒரு தடவைதான் இரை அகப்படும். அப்படிப்பட்ட ஜீவன் கிடைத்த பலத்தை வீணாகச் செலவழிக்காது. வெயில் நேரத்தில் நிழலில் கிடப்பது அதன் பிழைப்புக்கு வேண்டிய ஒழுக்கம். நாம் காலை பத்து மணிக்குப் போய் நின்றுகொண்டு அதைச் சோம்பேறி என்பது, இரவு முழுவதும் ரயில் ஓட்டிவிட்டு வந்து படுத்திருக்கிற மனிதனை எட்டிப் பார்த்து ஏசுவதற்குச் சமானம். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். ஆனால் கைவசம் இருப்பது ஒன்றேகால் நிமிஷம்தானே!

சென்னையின் மிருகக்காட்சி சாலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர் 1855இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. அங்கே நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. பழைய சென்னை ஜனங்கள் இந்த இரண்டு இடங்களுக்கும் இரண்டு பெயர்கள் வைத்திருந்தார்கள். பதம் பண்ணிய மிருகங்களை வைத்திருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. காலேஜ் வாசலை மிதிக்காத ரிக்‌ஷாக்காரனும் கூலிக்காரனும் வைத்த பெயர்கள் அவை. அந்தப் பெயர்களில் எவ்வளவு மரியாதை இருக்கிறது, பாருங்கள்! வேடிக்கை பார்க்கிற இடத்துக்குக் கல்லூரி என்று பெயர் வைக்க வேண்டுமென்று அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இங்கே வந்தால் ஏதோ தெரிந்துகொள்ளலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பீப்பிள்ஸ் பார்க்கில் இடம் போதவில்லை. வண்டலூர்க் காட்டில் நிலம் ஒதுக்கி, வேலை நடந்து, 1985இல் புதிய பூங்கா திறக்கப்பட்டது. இடம் மட்டும் மாறவில்லை; கொள்கையும் மாறிற்று. பழைய இடத்தில் மிருகம் கம்பிக்குப் பின்னால், நாம் எப்போது வந்தாலும் கண்ணில் படும்படி நிறுத்தப்பட்டிருந்தது. புதிய இடத்தில் பல மிருகங்களுக்கும் நமக்கும் நடுவே அகழி. அந்தப் பக்கம் மரம், புதர், மண். அதற்கு வேண்டுமென்றால் வெளியே வரும். வேண்டாமென்றால் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காட்சிக்கு வைக்கப்பட்ட பிராணிக்கு ஒளிந்துகொள்ளும் உரிமை கிடைத்தது என்று இதைச் சொல்லலாம். நாகரிகத்தில் இது சிறிய முன்னேற்றம் அல்ல. ஆனால் இந்த உரிமையைத்தான் நம் பிள்ளைகள் ஏமாற்று வேலை என்று நினைக்கும்படி பழக்கியிருக்கிறோம். "காசு கொடுத்து வந்தோம், கரடியைக் காணோம்" என்று ஓர் உபாத்தியாயரே சலித்துக்கொண்டதை என் காதால் கேட்டேன். மிருகக்காட்சி சாலை 1855இலிருந்து எங்கேயோ வந்துவிட்டது. பள்ளிக்கூடம் இன்னும் பழைய கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உயிர் காலேஜுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்ச் செத்த காலேஜைக் காட்டிவிட்டு வருகிறோம்.

சட்டமும் முன்னேறியிருக்கிறது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தத்தின்படி, மிருகக்காட்சி சாலைகளைக் கண்காணிக்க மத்திய அரசு 1992இல் ஒரு தனி ஆணையத்தை நிறுவியது. அந்தத் திருத்தத்தில் ஒரு பிரிவு, மிருகக்காட்சி சாலையில் இருக்கிற பிராணியைச் சீண்டுவதையும் அதற்குத் தீனி போடுவதையும் மட்டும் அல்லாமல், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும், அந்த இடத்தில் குப்பை போடுவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. 1998இல் வெளியான தேசியக் கொள்கை, பார்க்க வருகிறவர்களின் மனத்தில் காட்டு உயிர்களின்மீது பரிவை உண்டாக்குவது இந்த இடங்களின் வேலை என்று சொல்லுகிறது. இருநூறு பிள்ளைகள் ஒரே குரலில் "எழுந்திருடா" என்று கத்தும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற உபாத்தியாயரைப் பற்றிச் சட்டம் என்ன நினைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பரிவைக் கற்கப் போன இடத்தில் குற்றம் செய்யப் பழகிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குற்றத்துக்கு விஸில் ஊதித் தாளம் போடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு சாரார் எழுந்து என் கையைக் குலுக்க வருவார்கள். "சரியாகச் சொன்னீர்கள். மிருகக்காட்சி சாலையே ஒரு சிறைச்சாலை. குழந்தைகளை அங்கே அழைத்துப் போவதே பாவம். வீட்டில் உட்கார்ந்து நல்ல படமாகப் பார்த்தால் போதாதா?" என்பார்கள். அவர்களுடைய கையை நான் பிடிக்கத் தயாராக இல்லை. இப்படிச் சொல்லுகிறவர்களின் பிள்ளைகள் முதுமலைக்குப் போய் ஜீப்பில் ஏறிக் காட்டெருதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். செங்கல் சூளையில் வேலை செய்கிறவளின் மகனுக்கு முதுமலை கிடையாது, ஜீப் கிடையாது. அவன் வாழ்நாளில் ஒரு காட்டெருதின் முதுகு எவ்வளவு உயரம் என்று தன் உடம்பால் அளந்து பார்க்கக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம், பள்ளிக்கூடம் வண்டலூருக்கு அழைத்துப் போகிற அந்த ஒரு நாள்தான். அதைப் பிடுங்கினால் மிருகங்களுக்கு விடுதலை வரப்போவதில்லை. அந்தப் பையனுக்கு நஷ்டம் மட்டும் நிச்சயம்.

அந்த மிருகங்களில் பல அங்கேயே பிறந்தவை. சில வேறு எங்கும் போக வழியற்றவை. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்காடினார்கள். 2001இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவை உறுதி செய்தது. அப்படிச் சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் புகலிடம் கொடுத்த ஊர்களில் வண்டலூரும் ஒன்று. உன் தாத்தா கை தட்டிப் பார்த்த வித்தை இது, இதை நம் நாடு வேண்டாம் என்று நிறுத்திவிட்டது, ஏன் தெரியுமா என்று ஒரு உபாத்தியாயர் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் அது எப்பேர்ப்பட்ட பாடம்!

படத்தில் பார்த்தால் போதும் என்பதும் எனக்குச் சம்மதம் இல்லை. படம் எடுக்கிறவன் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்ததில் காத்திருந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, புலி பாய்கிற அரை நிமிஷத்தை மட்டும் நமக்குக் காட்டுகிறான். அந்தப் படங்களையே பார்த்து வளர்ந்த பிள்ளைதான் தூங்குகிற புலியைக் கண்டு, "இது சரியில்லை" என்கிறான். வாசனை, பருமன், காத்திருப்பு, ஏமாற்றம் ஆகிய நாலும் படத்தில் கிடைக்காது. நேரில் போவதே இந்த நாலுக்காகத்தான்.

இன்னொரு சாரார் உபாத்தியாயர்கள். அவர்களுடைய வாதத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். "ஐயா, நாற்பது பிள்ளைக்கு ஒருவர் போகிறோம். பஸ்ஸில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை தலை எண்ணுகிறோம். ஒன்று குறைந்தால் எங்கள் பிழைப்பே போச்சு. உங்களுக்கென்ன, பெஞ்சில் உட்கார்ந்து காது அசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்பார்கள். வாஸ்தவம். ராத்திரித் தூக்கத்தையும் விட்டுவிட்டுப் பிறர் பெற்ற பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடக்கிறவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் இந்த வாதம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுகிறது. தலை எண்ணுவதே முழுநேர வேலை ஆகிவிடுகிறது என்றால், போகிற தலைகள் அதிகம். போகிற இடங்கள் அதைவிட அதிகம். இரண்டையும் குறையுங்கள் என்றுதானே சொல்லுகிறேன்? ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பிள்ளைகளை எண்ணுவது சுலபமா, 1,500 ஏக்கரில் ஓடுகிற நாற்பது பிள்ளைகளை எண்ணுவது சுலபமா?

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது திரும்பி வந்த பிறகு நடக்கிறது. மறு வாரம் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லுகிறார்கள்: 'நான் சென்று வந்த உயிரியல் பூங்கா.' தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகள் சில என் கைக்கு வந்தன. எல்லாவற்றிலும் சிங்கம் கர்ஜித்தது. எல்லாவற்றிலும் மயில் தோகை விரித்து ஆடியது. எல்லாவற்றிலும் குரங்குகள் சேஷ்டை செய்து எங்களை மகிழ்வித்தன. 'மனமில்லாமல் வீடு திரும்பினோம்' என்பது எல்லாவற்றுக்கும் கடைசி வாக்கியம். அந்த நோட்டுக்குச் சொந்தக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, "சிங்கம் கர்ஜித்ததா, தம்பி?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள். படுத்திருந்துச்சு" என்றான். "மயில் ஆடிச்சா?" "மயிலுக்குத் தோகையே இல்லை அங்கிள்." "அப்புறம் ஏன் இப்படி எழுதினாய்?" "அப்படித்தான் எழுதணும். மார்க் வரும்."

தோகை இல்லாத மயில்! அந்தப் பையன் எவ்வளவு அபூர்வமான உண்மையைக் கண்டிருக்கிறான்! இனப்பெருக்க காலம் முடிந்ததும் ஆண் மயில் தோகையை உதிர்த்துவிடும். பிறகு மறுபடி வளரும். ஆயிரம் காலண்டர்ப் படங்களும் நூறு சினிமாப் பாட்டுகளும் சொல்லாத சங்கதி அது. 'மயிலுக்குத் தோகை இல்லை. ஏன் என்று தெரியவில்லை' என்று அவன் எழுதியிருந்தால், பள்ளிக்கூடம் முழுவதையும் கூட்டி அவனைக் கௌரவித்திருக்க வேண்டும். நாமோ தோகையை ஒட்டவைத்து ஆடச்செய்தால்தான் பத்துக்கு எட்டு மார்க் போடுகிறோம்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பொய்தான் இவருக்குத் தொழில் என்று என் வீட்டிலேயே சொல்வது உண்டு. அந்தத் தொழிலில் இருப்பதால்தான் எனக்கு இது உறைக்கிறது. கதைக்காரன் சொல்லுகிற பொய் கண்ணால் கண்ட ஆயிரம் நிஜங்களின் மேல் கட்டப்பட்டது. அஸ்திவாரம் நிஜம் இல்லாவிட்டால் கட்டடம் நிற்காது. இந்தக் கட்டுரை நோட்டுப் பொய்க்கு அஸ்திவாரமே கிடையாது. கண் ஒன்றைக் கண்டது. கை வேறொன்றை எழுதிற்று. எழுதின கைக்குப் பரிசும் கிடைத்தது. பத்து வயதில் சிங்கத்தைப் பற்றிப் பொய்ச் சாட்சி சொல்லப் பழகியவன், முப்பது வயதில் ஊரில் நடந்த அநியாயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, என்ன சொன்னால் மார்க் வருமோ அதைச் சொல்லுவான். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நாம் சொல்லிக்கொடுத்த பாடம்தானே!

நம் பாஷை இப்படிப்பட்டவர்களால் உண்டானது அல்ல. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஓர் இயல் இருக்கிறது. பிராணிகளின் இளமைக்கு மட்டும் ஒன்பது பெயர்களைச் சொல்லி, எதற்கு எது பொருந்தும் என்று அது பிரித்துக் காட்டுகிறது. எல்லாவற்றையும் 'குட்டி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பறழ் என்றும் குருளை என்றும் மறி என்றும் வேறு வேறாகச் சொன்னதற்குக் காரணம், அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்ததில் வித்தியாசம் தெரிந்தது. வித்தியாசம் தெரிந்ததால் சொல் பிறந்தது. இன்று நம் பிள்ளைகள் ஆமா என்று நம் முன்னோர் சொன்ன காட்டெருதைக் 'காட்டெருமை' என்கிறார்கள். அது மாட்டின் ஜாதியா எருமையின் ஜாதியா என்று சந்தேகம் வருகிற அளவுக்குக்கூட அதன் எதிரில் அவர்கள் நின்றதில்லை.

சிங்கவால் குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இல்லாத பிராணி அது. முகத்தைச் சுற்றியுள்ள வெள்ளிப் பிடரியைப் பார்த்து அதனால்தான் இந்தப் பெயர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெயர் வந்ததோ வாலின் நுனியில் உள்ள குஞ்சத்தால். வாலைப் பார்க்க அரை நிமிஷம் அதிகம் நிற்க வேண்டும். வெள்ளைப்புலியின் எதிரில் மட்டும் எல்லாப் பள்ளிக்கூடமும் நிற்கிறது. ஆனால் வெள்ளைப்புலி என்று தனியாக ஓர் இனம் இல்லை என்பதையும், நிறம் மாறிப் பிறந்த சாதாரணப் புலிதான் அது என்பதையும், இன்று மிருகக்காட்சி சாலைகளில் உள்ள வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சம் 1951இல் ரேவா சமஸ்தானத்துக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியிடம் போய்ச் சேருகிறது என்பதையும் அங்கே நின்று யார் சொல்லுகிறார்கள்? 2021 ஜூன் மாதத்தில் இதே வண்டலூரில் சிங்கங்களைக் கொரோனா தாக்கியது. இரண்டு சிங்கங்கள் இறந்தும் போயின. மனிதனைப் படுக்கவைத்த நோய் சிங்கத்தையும் கொல்லும் என்பதைவிட, நமக்கும் அதற்கும் உள்ள உறவைச் சொல்லுகிற பாடம் வேறு உண்டா?

பணம் கட்ட முடியாத பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி நாலைந்து பேர் உண்டு. பஸ் புறப்பட்டுப் போன மறுநாள் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, காலி வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கணக்குப் பாடத்துக்குத் தனியாகப் பணம் கட்டாதவனை வெளியே நிறுத்த எந்தப் பள்ளிக்கூடத்துக்காவது துணிச்சல் வருமா? வராது, ஏனென்றால் கணக்கு, பாடம். சுற்றுலாவுக்கு மட்டும் அந்தத் துணிச்சல் வருகிறது. இது பாடம் அல்ல, கேளிக்கைதான் என்பது அவர்களுக்கே தெரியும். துணியில் எழுதியிருப்பது வெறும் அலங்காரம்.

"குற்றம் சொல்வது சுலபம், என்ன செய்ய வேண்டும், சொல்" என்பீர்கள். சொல்லுகிறேன். செலவு இல்லாத காரியங்கள்தான்.

ஒரு நாளைக்கு ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு வகுப்புக்கு மூன்றே மிருகங்கள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று இருக்கட்டும், பிள்ளைகளின் ஆசைக்கு. மற்ற இரண்டும் நம் மண்ணைச் சேர்ந்தவையாக இருக்கட்டும்: காட்டெருது, வெளிமான், சிங்கவால் குரங்கு, செந்நாய், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றின் எதிரிலும் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். முதல் பத்து நிமிஷம் நெளிவார்கள். அடுத்த பத்து நிமிஷம் அலுத்துப்போவார்கள். மூன்றாவது பத்து நிமிஷத்தில்தான் கண் திறக்கும். அப்போதுதான் காட்டெருதின் கால்களில் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டாற்போல் இருப்பது தெரியும். வெளிமான் கூட்டத்தில் கறுத்திருப்பது கிடா, வெளுத்திருப்பது பெண் என்பது தெரியும். முதலை வாயைத் திறந்தபடி கிடப்பது நம்மைக் கடிக்க அல்ல, உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்ள என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றும்.

யாரைக் கேட்பது? அங்கே காக்கிச் சட்டையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறாரே, அந்தக் கீப்பரை. வருஷக்கணக்காக அந்த மிருகத்துக்குத் தீனி வைத்து, சாணம் அள்ளி, நோயில் விழித்திருந்த மனிதர். புலியைப் பற்றி நம் பாடப்புத்தகத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். நாலு பள்ளிக்கூடங்கள் கடந்து போனதில் ஒருவர்கூட அவரை, "ஐயா, இதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை. பூங்காவிடம் முன்னதாகவே எழுதிக் கேட்டு, ஒரு வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதையோடு அவரை நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். உழைக்கிறவன் கையில் அறிவு இருக்கிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது புலியைத் தெரிந்துகொள்வதைவிடச் சிறிய லாபம் அல்ல.

வண்டலூருக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு ஊர் ஏரி இருக்கிறது. தண்ணீர் உள்ள காலத்தில் நாரையும் கொக்கும் மீன்கொத்தியும் முக்குளிப்பானும் அங்கே டிக்கெட் இல்லாமல் கிடைக்கும். வண்டலூருக்குத் தெற்கே, அதே செங்கற்பட்டுச் சீமையில், வேடந்தாங்கல் இருக்கிறது. அந்த ஊர் ஜனங்கள் எந்தச் சுற்றுலாவுக்கும் போய்ப் பறவையைக் கற்றவர்கள் அல்ல. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். சர்க்கார் வேலி போடுவதற்கு வெகுகாலம் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வேட்டைக்காரரிடமிருந்து அந்தப் பறவைகளைக் காப்பாற்ற அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. நிதானமாகப் பார்த்த கண்ணிலிருந்து பரிவு தானாக வந்தது. சட்டப் பிரிவும் விஸிலும் அதற்குத் தேவைப்படவில்லை.

கடைசியாக, தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷத்துத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு நாலு இடங்களில் மூன்றை அடித்துவிடுங்கள். மிச்சமாகும் பெட்ரோல் காசில் பணம் கட்ட முடியாத நாலு பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். விஸிலை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். திரும்பி வந்த பிறகு கட்டுரை வேண்டாம். யாரும் சொல்லாமல் நீயாகப் பார்த்தவை மூன்றை எழுது என்று மட்டும் சொல்லுங்கள். 'புலி தூங்கியது. காது மட்டும் தூங்கவில்லை' என்று ஒரே ஒரு பிள்ளை எழுதியிருந்தால், எழுத்துப் பிழை எத்தனை இருந்தாலும் பார்க்காதீர்கள். பத்துக்குப் பத்துப் போடுங்கள்.